கோயில் இழந்த தெய்வங்கள்

ஒரு கேள்வியோடு தொடங்குவோம். கோயில் மூடப்பட்டு, பூசை நின்று, கும்பிட ஒருவரும் இல்லாமற்போன தெய்வம் என்ன ஆகும்?

மறக்கப்பட்டுவிடும் என்பீர்கள். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் இத்தாலி நாட்டில் வேறு விதமாக நடந்தது. ரோமாபுரி மக்கள் ஒரு காலத்தில் வணங்கிய வீனஸ், மெர்குரி, மினர்வா, அப்போலோ முதலிய தெய்வங்கள், வழிபாடு ஒழிந்து ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பின்பு, கிறிஸ்தவர்களின் வீட்டுச் சுவர்களில் ஓவியங்களாகத் திரும்பி வந்தன. யாரும் அவற்றைக் கும்பிடவில்லை. விளக்கேற்றவும் இல்லை. மனிதனுடைய மனத்துக்குப் பாடம் சொல்லவே அவை வந்தன. போப்பாண்டவரின் மாளிகைக்குள்ளேயும் அவற்றுக்கு இடம் கிடைத்தது.

பொருள் தெரியாமல் பார்ப்பவருக்கு அவை ஆடை குறைந்த பெண்களின் படங்கள். பொருள் தெரிந்து பார்ப்பவருக்கோ ஆன்மா ஏறவேண்டிய படிகள். இந்த இரண்டு பார்வைகளும் ஒரே நகரத்தில் மோதிக்கொண்டன. நடுத்தெருவில் தீயும் மூட்டப்பட்டது. அந்தக் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

வழிபாடு போனது, பெயர் நின்றது

கி.பி. 380-ஆம் ஆண்டில் பேரரசர் தியோடோசியஸ் கிறிஸ்தவ மதத்தை ரோமப் பேரரசின் மதமாக்கினார். 391, 392-ஆம் ஆண்டுகளில் பழைய கோயில் வழிபாட்டுக்கும் பலிகளுக்கும் தடை விதித்தார். கோயில்கள் மூடப்பட்டன. எல்லாத் தெய்வங்களுக்கும் உரியதென்று பெயர் பெற்ற பாந்தியன் கோயில்கூட 609-ஆம் ஆண்டில் மாதா கோயிலாக மாறியது.

கோயில்கள் போனாலும் பெயர்கள் போகவில்லை. வானத்துக் கோள்களுக்கு அந்தத் தெய்வங்களின் பெயர்கள்தாம். கிழமைகளுக்கும் அப்படியே. இத்தாலியர்கள் வெள்ளிக்கிழமையை 'வெனெர்தி' என்கிறார்கள். அது வீனஸின் நாள். புதன்கிழமை மெர்குரியின் நாள். செவ்வாய் மார்ஸின் நாள். வியாழன் ஜூப்பிட்டரின் நாள். நாமும் அதே கோள்களின் பெயரால்தானே அதே நாட்களை அழைக்கிறோம்? இது தற்செயலாக அமைந்ததன்று. ஏழு கோள்களுக்கு ஏழு கிழமை என்ற கணக்கு ரோமாபுரி உலகிலிருந்தே இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே, வெள்ளிக்கிழமை என்று சொல்லும்போதெல்லாம் அந்தப் பழைய வீனஸை நாமும் அறியாமலே தொட்டுச் செல்கிறோம்!

கதைகளும் அழியவில்லை. மடங்களில் இருந்த துறவிகள் பழைய இலத்தீன் நூல்களைப் படியெடுத்து வைத்தார்கள். தெய்வக் கதைகளை உவமைக் கதைகளாக வைத்து அவற்றுக்கு நீதிப்பொருள் சொன்னார்கள். அந்தப் பழக்கம்தான் பின்னால் ஓவியர்களுக்கு வழிகாட்டியது.

வைத்தியர் மகனும் தோல் பதனிடுபவர் மகனும்

இனிப் பதினைந்தாம் நூற்றாண்டுக்கு வருவோம். இத்தாலியின் புளோரன்ஸ் நகரம் கம்பளித் துணியாலும் வட்டிக்கடையாலும் செழித்திருந்த ஊர். மெடிச்சி குடும்பத்தார் வங்கி நடத்தி, அந்த நகரத்தையே கைக்குள் வைத்திருந்தார்கள். அக்குடும்பத்துப் பெரியவர் கோசிமோ, தம் வைத்தியரின் மகனான மார்சீலியோ ஃபிச்சீனோ என்ற இளைஞருக்குப் புளோரன்ஸை அடுத்த கரேஜ்ஜி என்னும் இடத்தில் ஒரு வீடு கொடுத்தார். கிரேக்க ஞானி பிளேட்டோவின் நூல்களை இலத்தீனில் மொழிபெயர்க்க வேண்டும் என்பதே ஏற்பாடு. ஃபிச்சீனோ தம் வாழ்நாளை அதற்கே தந்தார். 1473-இல் அவர் கிறிஸ்தவக் குருவாகவும் பட்டம் பெற்றார். அவருடைய மொழிபெயர்ப்பு முழுவதும் 1484-இல் அச்சேறியது.

பிளேட்டோவின் நூல் ஒன்றில், வீனஸ் ஒருத்தியல்லள், இருவர் என்று ஒரு பேச்சு வருகிறது. ஒருத்தி விண்ணுலகத்தவள், மற்றவள் மண்ணுலகத்தவள். ஃபிச்சீனோ அதற்கு அழகானதொரு விளக்கம் எழுதினார். அழகு என்பது கடவுளின் ஒளி. அதை அறிவால் கண்டு உருகும் ஆற்றல் விண்ணுலக வீனஸ். அதே அழகை இந்த உலகத்தில், உடம்பும் உயிருமாய், குழந்தையும் குடும்பமுமாய்ப் பிறப்பிக்கும் ஆற்றல் மண்ணுலக வீனஸ். இருவரும் மதிப்புக்குரியவர்களே என்றார் அவர். உடம்பின் அழகைக் கண்டவன் உள்ளத்தின் அழகுக்கு ஏற வேண்டும். அங்கிருந்து இறைவனிடம் ஏற வேண்டும். ஏறாமல் முதற்படியிலேயே படுத்துக்கொள்வதுதான் குற்றம்.

இந்தக் கருத்து காற்றில் கலந்திருந்த அதே ஊரில்தான் தோல் பதனிடும் ஒருவரின் மகன் ஓவியராக வளர்ந்தார். அவருடைய பெயர் அலெசாந்த்ரோ. 'சிறிய பீப்பாய்' என்று பொருள்படும் பொட்டிச்செல்லி என்ற பட்டப்பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. 1481, 1482-ஆம் ஆண்டுகளில் ரோமாபுரியில் போப்பாண்டவரின் சிஸ்டைன் ஆலயச் சுவரில் வேதக் காட்சிகளை வரைந்தவர் இவர். வீனஸை வரைந்தவரும் இவரே.

தகப்பனை இழந்த பையனுக்கு ஒரு கடிதம்

மெடிச்சி குடும்பத்தின் இளைய கிளையில் லொரென்சோ என்று ஒரு பையன். 1463-இல் பிறந்தவன். 1476-இல் தகப்பனார் இறந்துவிட்டார். பணத்துக்குக் குறைவில்லை, ஆனால் பதின்மூன்று வயதில், கையைப் பிடித்து நடத்தத் தகப்பன் இல்லை. பணம் இருந்து, வழிகாட்டி இல்லாத பிள்ளை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியுமா?

இரண்டோர் ஆண்டுகள் கழித்து ஃபிச்சீனோ அந்தப் பையனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நல்லவனாக இரு என்று நேராகச் சொல்லாமல், கோள்களை வைத்துச் சொன்னார். வானத்தில் உள்ள கோள்கள் எல்லாம் உனக்குள்ளேயே இருக்கின்றன. மெர்குரி உன் பகுத்தறிவு, ஜூப்பிட்டர் நீ மதிக்க வேண்டிய சட்டம், வீனஸ் உன் மனிதப் பண்பு என்பது அவருடைய விளக்கம். இவற்றுள் வீனஸின் மீது உன் கண்ணை நிறுத்து என்று அறிவுரை கூறினார். யார் அந்த வீனஸ்? அவளுடைய உயிர் அன்பு, கண்கள் கண்ணியம், கைகள் கொடைத்தன்மை, பாதங்கள் அடக்கம். இப்படி ஒரு பெண்ணின் உருவத்துக்குள்ளே ஒழுக்கம் முழுவதையும் அடக்கிக் காட்டினார். இந்தக் கடிதத்தை நன்றாகப் படிக்க வைக்கும்படி பையனின் ஆசிரியர்களையும் கேட்டுக்கொண்டார்.

பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லிச் சலித்த பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். "செய்யாதே, போகாதே" என்று சொன்னால் காதில் ஏறாது என்பது அந்த ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது. விரும்பத்தக்க ஓர் உருவத்தைக் கண்முன் நிறுத்தினால் பிள்ளையின் மனம் தானாகவே அதன் பின்னால் போகும் அல்லவா?

தோட்டத்தில் நிற்கும் தேவி

அந்த லொரென்சோவின் புளோரன்ஸ் வீட்டில் இருந்த பொருள்களுக்கு 1499-இல் ஒரு பட்டியல் எடுத்தார்கள். அதில் சாய்விருக்கை ஒன்றின் மேலே மாட்டியிருந்ததாகக் குறிக்கப்பட்டுள்ள ஓவியம்தான், உலகம் இன்று 'வசந்தம்' என்று போற்றும் பொட்டிச்செல்லியின் படைப்பு. சுமார் 1480-ஆம் ஆண்டில் மரப்பலகையில் தீட்டப்பட்டது. உயரம் 2 மீட்டருக்குச் சற்று அதிகம். அகலம் 3 மீட்டருக்கும் மேல்.

இந்த ஓவியத்தை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் பார்க்க வேண்டும். வலது ஓரத்தில் நீலம் பாய்ந்த உடம்போடு செஃபிரஸ் என்னும் மேல்காற்று பாய்ந்து வருகிறான். குளோரிஸ் என்ற பெண்ணைப் பிடிக்கிறான். அவள் பயந்து திரும்பிப் பார்க்கிறாள். அவள் வாயிலிருந்து பூங்கொடி வெளிப்படுகிறது. பக்கத்திலேயே பூவாடை உடுத்து, மடி நிறையப் பூவை வைத்து இறைத்துக்கொண்டு வருகிறாள் ஃபுளோரா. அவள் வேறு யாரும் அல்லள். அந்தக் குளோரிஸே மலர்த் தெய்வமாக மாறிவிட்டாள் என்பது கதை.

நடுவில், ஆரஞ்சு மரங்களின் கீழ், முழுதும் ஆடை உடுத்து, தலையைச் சற்றே சாய்த்து நிற்கிறாள் வீனஸ். அவள் பின்னால் மரக்கிளைகள் வளைந்து திருவாசிபோல் அமைந்திருக்கின்றன. மாதா படங்களைப் பார்த்துப் பழகிய புளோரன்ஸ் மக்களுக்கு அந்த நிலை அந்நியமாகத் தோன்றியிராது. அவள் தலைக்கு மேலே கண்ணைக் கட்டிக்கொண்டு கியூபிட் அம்பு தொடுக்கிறான்.

அவளுக்கு இடப்புறம் மூன்று பெண்கள் கைகோத்து ஆடுகிறார்கள். பழைய நூலோர் இவர்களுக்குச் சொன்ன பொருள் மிக அருமையானது. ஒருத்தி கொடுப்பவள், ஒருத்தி பெறுபவள், ஒருத்தி திருப்பித் தருபவள். உதவி என்பது ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போய், மீண்டும் கொடுத்தவரிடமே வந்து சேர்கிறது. அதனால்தான் அவர்கள் வட்டமாகக் கைகோத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு கை விட்டுப்போனாலும் ஆட்டம் நின்றுவிடும்.

இடது ஓரத்தில் மெர்குரி நிற்கிறான். எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, கையிலுள்ள கோலை உயர்த்தி மேகத்தைத் தொடுகிறான். பார்வை முழுவதும் வானத்தில்.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். வலது ஓரத்தில் வெறும் வேகமாகப் பாய்ந்த ஆசை, பூவாக மலர்கிறது. நடுவில் அன்பாக அமைதி அடைகிறது. கொடுத்துப் பெறும் உறவாக ஆடுகிறது. இடது ஓரத்தில் அறிவாகி வானத்தை நோக்குகிறது. ஓர் ஆன்மாவின் பயணமே இந்தப் படம் என்று அறிஞர்கள் சிலர் விளக்கியிருக்கிறார்கள். பொட்டிச்செல்லி தாமாக ஒரு வரி விளக்கமும் எழுதிவைக்கவில்லை. 1482-இல் லொரென்சோவுக்குக் கலியாணம் நடந்ததால், இது கலியாண வீட்டுப் படம் என்று சொல்வோரும் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட வேண்டிய அவசியம் இல்லை. குடும்பம் தொடங்கும் வாலிபனுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எது?

முடியைப் பிடித்த கை

அதே வீட்டில் பொட்டிச்செல்லியின் மற்றோர் ஓவியமும் இருந்தது. மேற்பாதி மனிதன், கீழ்ப்பாதி குதிரையாக ஒருவன்; 'சென்டார்' என்பார்கள். அவன் கையில் வில். அவன் எதிரே ஒரு பெண், உடம்பில் ஆலிவ் கிளைகள் சுற்றியிருக்க, ஓர் ஆயுதத்தைத் தாங்கி நிற்கிறாள். பழைய பட்டியல்களில் ஒன்று அவளைக் கமில்லா என்கிறது. இன்னொன்று அறிவுக்குத் தேவியான மினர்வா என்கிறது.

அவள் அவனைக் குத்தவில்லை, அடிக்கவும் இல்லை. அவன் தலைமுடியை மட்டும் ஒரு கையால் பிடித்திருக்கிறாள். அவனும் திமிறவில்லை. முகத்தில் வருத்தம் தெரிகிறது. ஆம்! அந்தக் குதிரை மனிதன் வெளியே எங்கும் இல்லை. பாதி மிருகமாகவும் பாதி மனிதனாகவும் இருக்கும் நம் மனம்தான் அவன். அதைக் கொன்றுபோட முடியாது; கொல்லவும் வேண்டாம். அறிவு அதன் முடியைப் பிடித்து நிறுத்தினால் போதும். குடியிலும் சூதிலும் கால் வைக்கப்போகும் நேரத்தில் ஒரு கை நம் தலைமுடியைப் பிடித்து நிறுத்துவதை நினைத்துப் பாருங்கள். அந்தக் கை நம்முடையதே.

இருவரில் தெய்வீகமானவள் யார்?

ஆடையில்லாத உருவத்தைப் பற்றி இப்போது பேசியாக வேண்டும். சுமார் 1485-இல் பொட்டிச்செல்லி வரைந்த 'வீனஸின் பிறப்பு' என்ற ஓவியத்தில், கடலிலிருந்து சிப்பியின் மேல் நின்றபடி வீனஸ் கரைக்கு வருகிறாள். உடம்பில் ஆடை இல்லை. கையாலும் கூந்தலாலும் தன்னை மறைத்துக்கொள்கிறாள். கரையில் ஒருத்தி பூப்போட்ட போர்வையை விரித்துக் காத்திருக்கிறாள். ஒப்பனையும் ஆபரணமும் சேருமுன் உள்ள தூய ஆன்மா இப்படித்தான் இந்த உலகக் கரைக்கு வருகிறது என்று பொருள் கொள்வோர் உண்டு.

இதைப் புரிந்துகொள்ள டிஷியன் என்ற வெனிஸ் நகரத்து ஓவியர் 1514-இல் வரைந்த படம் உதவும். அந்த நகரத்து அதிகாரி ஒருவரின் கலியாணத்தை ஒட்டி வரையப்பட்டது. இப்போது ரோமாபுரியின் போர்கேசே காட்சிக்கூடத்தில் இருக்கிறது. ஒரு கல் தொட்டியின் இரு பக்கமும் இரண்டு பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள். ஒருத்தி பட்டாடையும் கையுறையும் அணிந்தவள். மற்றவள் ஏறக்குறைய ஆடையே இல்லாதவள். நடுவில் கியூபிட் தண்ணீரைத் துழாவுகிறான். பிற்காலத்தார் இதற்கு 'புனிதக் காதலும் உலகக் காதலும்' என்று பெயர் வைத்தார்கள்.

எவள் புனிதக் காதல்? ஆடை அணிந்தவள் என்றுதானே சொல்வீர்கள்? எர்வின் பனோஃப்ஸ்கி என்ற கலை அறிஞர் நேர்மாறாகச் சொன்னார். பட்டும் ஆபரணமும் நிலையில்லாத உலகத்துக்கு உரியவை. அவற்றை அணிந்தவள் மண்ணுலக வீனஸ். மறைக்க ஒன்றுமில்லாமல், எரியும் விளக்கை உயர்த்திப் பிடித்திருப்பவளே விண்ணுலக வீனஸ். உண்மைக்கு மேலாடை எதற்கு? வேறு அறிஞர்கள், ஆடை அணிந்தவள் மணப்பெண் என்றும், அவளுக்கு வீனஸ் தேவியே துணையிருக்கிறாள் என்றும் சொல்வார்கள். எப்படியானாலும் ஒன்று தெளிவு. ஆடையைக் கொண்டு ஒருத்தியின் தரத்தை அளக்கும் நம் அவசரம் அந்த ஓவியத்தின் முன் செல்லாது.

போப்பாண்டவர்களும் இந்த அடையாள மொழியை ஒதுக்கவில்லை. இரண்டாம் ஜூலியஸ் போப்பாண்டவரின் மாளிகை அறையில் 1511-ஆம் ஆண்டளவில் ரஃபேல் ஒரு சுவரில் கிறிஸ்தவ வேதத்தின் மகிமையையும், மற்றொரு சுவரில் கவிஞர்கள் நடுவே இசை மீட்டும் அப்போலோவையும் வரைந்தார். கவிதை என்பது மேலிருந்து இறங்கும் அருள் என்பதற்கு அப்போலோ அடையாளம். 1508 முதல் 1512 வரை சிஸ்டைன் ஆலயத்து மேற்கூரையைத் தீட்டிய மைக்கேலாஞ்சலோ, வேதத்துத் தீர்க்கதரிசிகள் ஏழு பேரோடு, பழைய கிரேக்க ரோமானிய உலகத்துக் குறிசொல்லும் பெண்கள் ஐவரையும் சமமாக உட்கார வைத்தார்.

தெருவில் மூண்ட தீ

இத்தனை அழகுக்கும் நடுவே புளோரன்ஸில் வேறொரு குரல் எழுந்தது. சவனரோலா என்ற துறவியின் குரல் அது. பணக்காரர்களின் ஆடம்பரத்தைக் கண்டு கொதித்தவர், ஏழைகளுக்காகப் பேசியவர். ஓவியர்கள் மாதாவைக்கூட ஒப்பனைக்காரியைப் போல் வரைகிறார்கள் என்று பிரசங்கத்தில் கண்டித்தார். 1494-இல் மெடிச்சி குடும்பத்தின் தலைமைக் கிளை நகரத்தைவிட்டு விரட்டப்பட்டபின் அவருடைய வாக்கே அங்கு வேதவாக்காயிற்று.

1497 பிப்ரவரி 7-ஆம் நாள், நகரத்தின் பெரிய சதுக்கத்தில் ஒரு மாபெரும் சிதை அடுக்கப்பட்டது. சிறுவர்கள் வீடுவீடாகச் சென்று சேர்த்துக்கொண்டு வந்த கண்ணாடி, சீட்டுக்கட்டு, சூதாட்டக் காய்கள், வாசனைத் தைலம், பொய்முடி, புத்தகங்கள், ஓவியங்கள் எல்லாம் அதில் ஏறின. தீ வைத்தார்கள். அடுத்த ஆண்டே காற்று மாறியது. 1498 மே 23-ஆம் நாள், அதே சதுக்கத்தில் சவனரோலாவைத் தூக்கிலிட்டு அவருடைய உடலையும் எரித்தார்கள்.

துறவியை வெறும் கலை விரோதி என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். வீனஸ் என்றால் மனிதப் பண்பு என்று சொல்லித்தர லொரென்சோவுக்கு ஃபிச்சீனோ இருந்தார்; ஆசிரியர்கள் இருந்தார்கள். சந்தையில் மூட்டை சுமந்தவனுக்கு யார் இருந்தார்? பொருள் தெரிந்தவர்கள் மாளிகைக்குள் இருந்தார்கள். பொருள் சொல்ல ஆளில்லாதவர்கள் தெருவில் இருந்தார்கள். அறிவு பூட்டிய அறைக்குள் இருக்கும்வரை, வெளியில் நிற்பவனுக்கு அது ஆடம்பரமாகத்தான் தெரியும். அந்தத் தீக்கு அதுவும் ஒரு விறகு.

பொட்டிச்செல்லியின் மனத்தையும் அந்தக் காலம் உலுக்கியது. 1500-ஆம் ஆண்டு என்று அவரே எழுதிவைத்த ஓவியம் ஒன்று இலண்டன் தேசியக் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. குழந்தை ஏசுவின் பிறப்பைக் காட்டும் அதில் வீனஸும் இல்லை, மெர்குரியும் இல்லை. வானத்தில் தேவதூதர்கள் கைகோத்து வட்டமாக ஆடுகிறார்கள். கீழே தேவதூதர்கள் மனிதர்களைக் கட்டித் தழுவுகிறார்கள். கொடுத்துப் பெறும் அந்த மூன்று பெண்களின் ஆட்டமே உருமாறி வானத்துக்குப் போய்விட்டதோ என்று தோன்றும்.

காசில் வந்த தேவி

வசந்தமும் வீனஸின் பிறப்பும் தீக்குத் தப்பின. மெடிச்சி வம்சத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசா, 1737-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூலம் குடும்பத்தின் கலைச் செல்வங்கள் முழுவதையும் புளோரன்ஸுக்கே உரிமையாக்கினார். அவை நகரத்தைவிட்டு வெளியே போகக்கூடாது என்றும் விதித்தார். 1769-இல் உஃபீசி காட்சிக்கூடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஒரு பணக்காரப் பிள்ளையின் அறையில் தொங்கிய ஓவியத்தின் முன் இன்று யாரும் நின்று பார்க்கலாம்.

2002 முதல் புழங்கும் இத்தாலியின் பத்து சென்ட் நாணயத்தில் பொட்டிச்செல்லியின் வீனஸ் முகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. ரொட்டி வாங்கும் உழைப்பாளியின் சட்டைப் பையிலும் அவள் இருக்கிறாள்.

முகம் எல்லாருடைய கைக்கும் வந்துவிட்டது. அதன் பொருளும் எல்லார் கைக்கும் வர வேண்டும். புத்தகத்திலோ தொலைக்காட்சியிலோ இந்த ஓவியங்களைக் காணும்போது, பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லாதீர்கள். பக்கத்தில் அமர்த்திக் கேளுங்கள்: "இவள் கண்ணில் என்ன தெரிகிறது? இந்தக் கை யாருக்கு என்ன கொடுக்கிறது? கைகோத்து ஆடும் மூவரில் நீ யார்?" தகப்பன் இல்லாத ஒரு பையனுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கிடைத்த பாடம், கேட்கத் தெரிந்த எந்த வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்கும்.